திரும்பி வரும் வாசகருக்கு முதலில் எந்தப் புத்தகம்?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் உள்ள எங்கள் கடையில் பள்ளி நோட்டுகளும் பயிற்சி நூல்களும்தான் அதிகம் விற்பனையாகின்றன. கதை, கட்டுரை, வரலாறு என்று மற்ற தமிழ்ப் புத்தகங்களுக்காக உள்பக்கம் மூன்று அலமாரிகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் வருபவர்களில் பலர் அட்டைகளைத் தடவிப் பார்த்து, எதை எடுப்பதென்று தெரியாமல், வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் வந்த ஓர் அக்கா அப்படித் திரும்பாமல் நேரே கல்லாவுக்கு வந்து கேட்டார்: "தம்பி, ஆறாம் ஆண்டோட தமிழ விட்டேன். எப்பவாவது பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான். ஒரே ஒரு புத்தகம் சொல்லுப்பா, நான் முழுசாப் படிச்சு முடிக்கிற மாதிரி."

அவர் ஐம்பதை நெருங்குபவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, அதன்பின் மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போய், இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். தொழிற்சாலைப் பேருந்தில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். அந்த நேரத்தில்தான் படிக்க முடியும். கையில் 50 வெள்ளி (ரிங்கிட்) இருந்தது. இந்த நாட்டில் தமிழ் வாசிப்பை விட்டவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய இதே பாதையில்தான் விட்டிருக்கிறார்கள் என்பதால், அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கடையில் அன்று நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். முதலாளி அண்ணன் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்து வைத்தார். கணக்குப் பார்க்கும் அக்கா ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைச் சொன்னார். வார இறுதியில் வேலைக்கு வரும் பல்கலைக்கழக மாணவத் தம்பி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டுவந்தான். எழுதுபொருள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' போதும் என்றது. அவரவர் தமக்குப் பிடித்ததையே சொன்னார்கள். நான்குமே நல்ல புத்தகங்கள்தாம். ஆனால் அந்த அக்கா கேட்டது மிகச் சிறந்த புத்தகத்தை அன்று. முடிக்கக்கூடியதும், முடித்தபின் இன்னொன்றைத் தேடி அவரைக் கடைக்குத் திரும்ப வரவைப்பதுமான ஒன்றையே அவர் கேட்டார். அந்த அளவுகோலை வைத்தே நான்கையும் பார்க்கிறேன்.

'பொன்னியின் செல்வ'னுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 1950-லிருந்து 1954 வரை வாரந்தோறும் 'கல்கி' இதழில் வந்த தொடர் என்பதால், ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைத்திருக்கவே கட்டப்பட்டிருக்கிறது. அத்தியாயங்கள் சிறியவை, நடை தெளிவானது, பேருந்துப் பயணத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயம் என்று கணக்காக முடித்துவிடலாம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனைப் பார்த்தவர் அவனோடு தஞ்சை வரை போகாமல் இருப்பது கடினம். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிடுகின்றன; 2022-லும் 2023-லும் வந்த திரைப்படங்களுக்குப் பிறகு கதையின் பெயர்களும் முகங்களும் எல்லாருக்கும் பழகிவிட்டன.

இத்தனை இருந்தும் அதை முதல் புத்தகமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பாகம், ஏறத்தாழ எல்லாப் பதிப்புகளிலும் 2000 பக்கத்துக்கு மேல். எங்கள் கடையில் முதல் பாகம் தனியாக விற்ற பிறகு இரண்டாம் பாகம் அதே அலமாரியில் தூசி படிந்து கிடப்பதைப் பலமுறை துடைத்திருக்கிறேன். வாங்கியவர்கள் நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்பதைவிட, நிறுத்தியதால் தமக்குத் தமிழ் வாசிப்பு ஒத்துவராது என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. ஓடிப் பழகாதவரை முதல் நாளே மலை ஏறச் சொல்வதற்கு நான் துணைபோக மாட்டேன் என்று அண்ணனிடமே சொன்னேன்.

வரலாற்றுக் கதைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்குச் சாண்டில்யனின் 'கடல் புறா'வைச் சொல்வேன். அதுவும் மூன்று பாகம். வர்ணனைகள் பக்கம் பக்கமாக நீளும். பெண்களை வர்ணிக்கும் இடங்களில் இன்றைய வாசகர் முகம் சுளிக்கவும் கூடும். ஆனால் பீடோங்கில் இருப்பவருக்கு அந்தக் கதை கொடுக்கும் ஒன்றை வேறெந்தச் சரித்திர நாவலும் கொடுக்காது. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வென்ற கடாரம் இந்தக் கெடா மண்தான் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்திய காலத்தில் நடக்கும் கதையில் கருணாகரத் தொண்டைமானும் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவியும் வருகிறார்கள். முதல் பாகத்தை முடித்த வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்போக் போனால், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தையும் அதன் பக்கத்தில் கல்லால் எழுந்து நிற்கும் கோயில் அடித்தளத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். காவிரிக்கரைக்கு நாம் விமானம் ஏற வேண்டும். கடாரத்துக்கு அரை டாங்கி எண்ணெய்கூட வேண்டாம்.

அடுத்தது தோட்டத்தைப் பற்றிய நாவல்கள். இங்கேதான் தெரிவு உண்மையிலேயே கடினம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஏனென்றால் 'தோட்டக் கதை' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை.

தமிழ்நாட்டில் மிக எளிதாகக் கிடைப்பது அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. தமிழுக்கு முதல் ஞானபீட விருதைப் பெற்றுத்தந்தவர், எழுபதுகளில் இந்த நாட்டுக்கு வந்து பார்த்த பிறகு எழுதிய நாவல். இங்குள்ள உழைப்பாளிகளின் பாட்டைக் கடலுக்கு அப்பால் இருந்த வாசகர்களுக்குக் கொண்டுசேர்த்த புத்தகம் என்ற நன்றி எனக்கு எப்போதும் உண்டு. சீரான நடை, எளிய வாக்கியங்கள், தெளிவான நல்லவர்கள், தெளிவான கெட்டவர்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்'. 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற முத்துசாமி இந்தக் கெடாப் பக்கத்துத் தோட்டங்களிலேயே வளர்ந்தவர். தோட்டத்தை விளக்காமல், தோட்டம் பேசுவதை அப்படியே எழுதுகிறவர்.

இந்த இரண்டையும் ஒப்பிட நான் ஒரு காரியம் செய்தேன். என் அம்மா முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு மாலை அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிலிருந்தும் சில பக்கங்களை வாய்விட்டு வாசித்தேன். அகிலனை அவர் மரியாதையோடு, வானொலி நாடகம் கேட்பதுபோல் கேட்டார். கீரை ஆயும் கை நிற்கவே இல்லை. முத்துசாமியை வாசித்தபோது இரண்டாம் பக்கத்துக்குள் கை நின்றுவிட்டது. "இது எந்தத் தோட்டத்து ஆளு?" என்று கேட்டார். பிறகு நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்: விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு, மரவரிசைகளை நிரை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளரான தண்டல், மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பால், தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் வாளி, மழை வந்தால் அன்றைய பால் அத்தனையும் மண்ணுக்கு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகை. அந்தச் சொற்களில் பாதியை நான் பல ஆண்டுகளாக வீட்டில் கேட்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, சொற்களும் யாருக்கும் தேவைப்படாமல் அம்மாவுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தன.

அப்படியானால் 'மண் புழுக்கள்'தான் விடையா என்றால், கேட்பதற்கு ஆம், தனியாகப் படிப்பதற்கு இல்லை என்பேன். பேச்சுமொழியை எழுத்தில் பார்த்துப் பழகாதவருக்கு அது செந்தமிழைவிடக் கடினமாக இருக்கும்; காதுக்குத் தெரிந்த சொல்லைக் கண் அடையாளம் காணாமல் தடுமாறும். கதையும் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. இரண்டு மூன்று நாவல்கள் படித்துக் கை பழகிய பிறகு அதற்கு வருபவர் நிறையப் பெறுவார்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது கணக்கு அக்கா சொன்ன 'சயாம் மரண ரயில்'. 1993-இல் வெளிவந்த இந்த நாவல், ஜப்பானியர் காலத்தில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கப் போடப்பட்ட இருப்புப்பாதையில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பற்றியது. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். காட்டிலும் மலையிலும் அந்த வேகத்தில் பாதை போட்டதற்கான விலையைக் காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் வாங்கிக்கொண்டன. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள், திரும்பிப் போய் நூல்கள் எழுதினார்கள். எண்ணிக்கையில் அவர்களைவிட அதிகமாக மடிந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் பெரும் எண்ணிக்கையில் இருந்த நம்மவர்களுக்கு, அப்படி எழுதி வைக்க ஆள் இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நாவல் வந்துதான் அந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. இதே துயரத்தை அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலில் எழுதியிருக்கிறார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த மலாயா அவசரகாலத்தைப் பற்றிய அவருடைய 'லங்காட் நதிக்கரை'யும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. இரண்டு எழுத்தாளர்களில் ஒருவரை மட்டும் எடுக்கச் சொன்னால், கதை ஓட்டத்துக்காகச் சண்முகத்தை முதலிலும், அந்தக் காலத்தின் பரப்பை அறிவதற்காக ரெங்கசாமியை இரண்டாவதாகவும் எடுப்பேன்.

இந்த நாவலுக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: துயரம். இரவு ஷிப்டு முடித்துக் களைத்து வருபவருக்கு இதையா கொடுப்பது என்று தங்கச்சி கேட்டது, நியாயமான கேள்விதான். அதற்குக் கணக்கு அக்கா சொன்ன பதில் என்னை அசைத்தது. தம் வீட்டில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒரு சொல் புழங்கியதாகவும், அது தாத்தாவைக் குறிக்கிறது என்பதுகூடத் தமக்கு வெகுநாள் தெரியாதென்றும், இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்த ஆளைத் தாம் பார்த்ததாகவும் சொன்னார். பழைய தோட்டக் குடும்பங்களில் இப்படி ஒரு சொல் இருக்கும். வாசகரின் வீட்டிலேயே பாதிக் கதை இருந்து, மீதியைப் புத்தகம் கொண்டுவரும்போது, மொழித் தடுமாற்றம் அவரை நிறுத்துவதில்லை. தெரியாத சொல்லைக் கேட்க வீட்டில் ஆளும் இருக்கிறது. முதல் புத்தகத்துக்கு நான் இதைவிடப் பெரிய தகுதியைத் தேட மாட்டேன்.

தம்பி கொண்டுவந்த 'புயலிலே ஒரு தோணி'யைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுவது கஷ்டம், ஏனென்றால் தனிப்பட்ட முறையில் இந்த நான்கிலும் நான் மிக அதிகமாக நேசிப்பது அதைத்தான். சுமத்திராவின் மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்கி, பினாங்குக்குப் படகேறி, நேதாஜியின் படைக்குள் போய், போருக்குப் பிந்திய குழப்பம் வரை பாண்டியனோடு ஓடும் நாவல். தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் நம் கடற்கரையை இவ்வளவு உள்ளிருந்து எழுதியதற்கு ஈடாக இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. மலாய், சீனச் சொற்களும், செட்டியார் கடைப் பேச்சும், பழந்தமிழ் வரிகளும் ஒரே பத்தியில் மோதிக்கொள்ளும். அந்த மோதலே அதன் அழகு. முதல் முறை திரும்பி வருபவரை அதுவே வெளியே தள்ளவும் செய்யும். "அண்ணே, நான் மூணு தடவை ஆரம்பிச்சுத்தான் உள்ள போனேன்" என்று தம்பியே ஒப்புக்கொண்டான். மூன்று தடவை தொடங்கும் பொறுமை அவனுக்கு இருந்தது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து வரும் ஒருவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் சிங்காரத்தை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வெளிவந்தது. அளவில் பாதிகூட இராது. நேதாஜியின் படையிலிருந்து திரும்பி, பினாங்கில் வட்டிக்கடை வேலைக்கு வந்த செல்லையா, முதலாளியின் மகள் மரகதம்: இவ்வளவுதான் கதை. காதல் கைகூடாத கதைகளில் இவ்வளவு அடங்கிய குரலில் முடியும் ஒன்றை நான் அதிகம் படித்ததில்லை. நடை நேரானது, இரண்டு வாரப் பேருந்துப் பயணத்தில் முடிந்துவிடும். இரண்டு நாவல்களையும் ஒரே தொகுதியாகப் போட்ட பதிப்பும் உண்டு. அதை வாங்குபவர் பின்னால் இருந்து தொடங்குவது நல்லது.

'ஏன்? எதற்கு? எப்படி?' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் கேள்விகளுக்குச் சுஜாதா அளித்த அறிவியல் பதில்கள். எங்கும் திறக்கலாம், எங்கும் மூடலாம். வீட்டில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். ஆனால் எங்கும் மூடக்கூடிய புத்தகம் மூடியே கிடந்துவிடும் ஆபத்தும் உண்டு; அடுத்த பக்கம் என்ன ஆகும் என்ற பிடி அதில் இல்லை. சிறு பிள்ளைகளுக்கென்று கேட்டால், சுங்கை பட்டாணிக்காரரான கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' என்ற துப்பறியும் கதையைத் தயங்காமல் கொடுப்பேன். பிள்ளை படிக்கும்போது தாயும் எட்டிப் பார்த்துப் படிக்கத் தொடங்கிய வீடுகளை எனக்குத் தெரியும்.

கிடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் தெரிவைப் பல நேரம் அதுவே தீர்மானித்துவிடுகிறது. கல்கி, சாண்டில்யன், சுஜாதா, சிங்காரம் ஆகியோரின் நூல்கள் தீர்ந்தால் சென்னையிலிருந்து மறுபடி வரவழைத்துவிடலாம். நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்கள் அப்படியல்ல. பலர் சொந்தச் செலவில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டில் வைத்திருக்கிறார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ம. நவீனின் 'பேய்ச்சி'யைச் சிலர் கேட்கிறார்கள். 2020-இல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டதால் அதை விற்க இயலாது. ரெ. கார்த்திகேசு இந்தப் பீடோங்கிலேயே பிறந்தவர்; நோயும் முதுமையும் பற்றிய அவருடைய 'அந்திம காலம்' கேட்டு வருபவரிடம் நான் தொலைபேசி எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆகவே உள்நாட்டு நூல் ஒன்று கண்ணில் பட்டால், வெளிநாட்டு நூலைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் எடுப்பது நடைமுறையிலும் சரி.

இவ்வளவையும் யோசித்த பிறகு அந்த அக்காவிடம் 'சயாம் மரண ரயி'லைக் கொடுத்தேன். கைவசம் ஒரே பிரதிதான் இருந்தது. அது இல்லாதிருந்தால் 'கடலுக்கு அப்பால்' கொடுத்திருப்பேன். துயரமான கதை என்பதை மறைக்காமல் சொன்னேன். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். முதலாளி அண்ணன் தலையசைத்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். புத்தகத்துக்குப் பழைய நாள்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தார். கூடவே எண்பதைத் தாண்டிய தம் அம்மாவையும் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார். படித்ததையெல்லாம் இரவு அம்மாவுக்குச் சொல்லி வந்தாராம். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா அந்த ரயில் பாதைக்குப் போனவர் என்பது அப்போதுதான் பேச்சில் வந்ததாம். "அந்த எடம் எங்க இருக்குன்னு அம்மாவுக்குப் பாக்கணுமாம், தம்பி" என்றார்.

பள்ளி நிலப்பட நூல் ஒன்றைப் பிரித்துக் கல்லா மேல் வைத்தேன். கெடாவைக் காட்டி, எல்லையைத் தாண்டி, மேலே பான் போங், காஞ்சனாபுரி, பிறகு மலைகளுக்குள் மேற்காகப் பர்மாவை நோக்கி என்று விரலால் கோடு இழுத்தேன். அந்தப் பாட்டி என் விரலை நகர்த்திவிட்டுத் தம் விரலை அங்கே வைத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. மகள் மறுபடி உள் அலமாரிக்குப் போய், அடுத்து எதை எடுக்கலாம் என்று கணக்கு அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த விரல் அங்கேயே இருந்தது.